மண்டப வாசலில் நீ மடக்கிய கால்

மகன் சுதாகருக்கு,

நீ சுகமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப்போவதில்லை. நீ சுகமாக இல்லை என்று எனக்குத் தெரியும். கலகெதரையில் அந்தப் புது வீட்டில் வலது காலை விறைப்பாக நீட்டிக்கொண்டு, இடது முழங்காலை மட்டும் ஊன்றி நீ டைல் பதிக்கிறாய் என்று உன் பெரியப்பா மகன் விஜி வந்து சொல்லிவிட்டான். அவன்மேல் பாயாதே. உன்னோடு கூடமாட வேலை செய்கிறவன், நான் நேராகக் கேட்டால் பொய் சொல்லமாட்டான். நான் போன் எடுத்தால், "வேலையா இருக்கேம்மா, பொறகு எடுக்குறேன்" என்று வைத்துவிடுகிறாய். உன்னுடைய அந்தப் பொறகு மூன்று கிழமை, இருபத்தொரு நாளாகியும் வரவில்லை. அதனால்தான் எழுதி விஜி கையில் கொடுத்து அனுப்புகிறேன். கடிதத்தைக் கிழித்துப் போடலாம். கிழிப்பதென்றாலும் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டுக் கிழி.

நான் கோபமாக இருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நடுவில் எங்கேயாவது நான் அழுவது போலத் தெரிந்தால் ஏமாந்துவிடாதே. இருபத்தெட்டு வயது மகனை இப்படித் திட்டலாமா என்று நீ நினைப்பாய். திட்டலாம். தாய்மார் தேயிலைக் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளை, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் முப்பது வருஷம் பார்த்தவள் நான். ஹந்தானையில் இன்றைக்கு மீசை வைத்துக்கொண்டு திரிகிற பாதிப் பேரை நடக்கப் பழக்கியது இந்தக் கைதான். ஒரு பிள்ளை தடுக்கி விழுந்தால் உடனே அழாது, தெரியுமா. முதலில் தலையைத் தூக்கி யாராவது பார்க்கிறார்களா என்று பார்க்கும். யாராவது பார்த்தால் அழும். இல்லாவிட்டால் மண்ணைத் தட்டிவிட்டுப் போய்விடும். நீ ஒருத்தன்தான் அந்தக் காம்பராவிலேயே மாறிப் பிறந்தவன். யாரும் பார்க்காவிட்டால் மூலையில் போய் அழுவாய். யாராவது பார்த்தால் சிரிப்பாய். அந்தச் சிரிப்பைப் பார்த்து எல்லாரும் உன்னை நல்ல பிள்ளை என்றார்கள், நானும் பெருமைப்பட்டேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கால் கெட்டுப்போன கதையிலும் அதே சிரிப்புத்தானே. மாடிப்படியில் டைல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது முழங்கால் திருகிவிட்டது, நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாய், "ஒண்ணுமில்லம்மா, சுளுக்கு" என்று சிரித்தாய். நானும் சுளுக்கு என்றே எண்ணெய் போட்டு உருவிவிட்டு மறுநாள் வேலைக்கு அனுப்பினேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, மூன்று மாதம். படிக்கட்டில் நடுவிலேயே கால் பூட்டிக்கொண்டதுபோல நின்றுவிடும், நீ சுவரைப் பிடித்துக்கொண்டு யாரிடமாவது பேசுவது மாதிரி நிற்பாய். அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு எண்ணெயைத்தான் மாற்றினேன். கடைசியில் உன் தங்கச்சி நிரோஷா கத்திக் கூப்பாடு போட்டுத்தான் உன்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அந்த மூன்று மாதத்துக்கு நான் யாரைத் திட்டுவது சொல்.

பெரிய டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டியது உனக்கு ஞாபகம் இருக்கும். தொடை எலும்பின் நுனியை மூடியிருக்கிற குருத்தெலும்பில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்துபோய், கீழே எலும்பு வெறுமையாகத் தெரிகிறது என்றார். அந்த இடத்தைச் சுத்தம் செய்து, எலும்பில் ஊசி நுனி போலச் சின்னச் சின்னத் துளைகள் போடுவோம், அதிலிருந்து கசிகிற இரத்தம் அங்கேயே உறைந்து மெல்ல மெல்லப் புதுச் சவ்வாக மாறும், அது மாறும் வரைக்கும் அந்தக் காலில் பாரம் விழவே கூடாது என்றார். சிங்களத்தில்தான் சொன்னார், எனக்குப் பாதி புரிந்தது, மீதியை நீ சொன்னாய். அப்போது அவர் உன்னிடம் என்ன தொழில் என்று கேட்டார். டைல் பாஸ், வீடுகளுக்குக் கல் பதிக்கிறவன் என்றாய். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப ஒங்களுக்கு நான் வெளக்க வேண்டியதில்லையே. புதுசா ஒட்டின டைல்ல எத்தனை நாளைக்கு ஆள விடமாட்டீங்க?"

"ஒரு நாள் சேர். பெரிய கல்லுன்னா ரெண்டு நாள்."

"இது ஆறு கிழமை. அவ்வளவுதான் வித்தியாசம்."

நீங்கள் இரண்டு பேரும் தொழில்காரர்கள் போலச் சிரித்துக்கொண்டீர்கள். வெளியே வந்து, "நல்ல டாக்டரும்மா, நம்ம வேல தெரிஞ்ச மனுசன்" என்றாய். அந்த மனுசனிடம்தான் பிறகு நீ கண்ணைப் பார்த்துப் பொய் சொன்னாய். அந்த இடத்துக்கு வருகிறேன்.

அதற்கு முன்னால் என்னுடைய பங்கைச் சொல்லியாக வேண்டும். ஒப்பரேஷனுக்கு நாள் கிடைக்க நாம் எவ்வளவு காலம் காத்திருந்தோம். கிடைத்தபோது அது தங்கச்சியின் கல்யாணத்துக்கு நாலரைக் கிழமை முந்தியதாக வந்து நின்றது. நிரோஷா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "கல்யாணத்த தள்ளி வைப்போம்மா, அண்ணன் கால் முக்கியம்" என்றாள். மாப்பிள்ளையும் போனில் அதையேதான் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். குறித்த முகூர்த்தத்தைத் தள்ளினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், பெண்ணுக்கு ஏதோ குறை என்பார்கள் என்றேன். உன் அப்பா போன பிறகு நான் தனியாகச் செய்கிற முதல் பெரிய காரியம் அது. ஒரு சொல் வந்துவிடக்கூடாது என்று பயந்தேன். "அண்ணனுக்குப் பதிலா மாப்பிள்ளைக்குக் கால் கழுவுறதுக்கு விஜி இருக்கான், அண்ணன் கதிரையில உக்காந்திருக்கட்டும்" என்று நானே ஒரு வழியும் கண்டுபிடித்தேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

ஒப்பரேஷன் முடிந்து வந்த நாலு கிழமையும் நம் வீடு எப்படி இருந்தது. ஊன்றுகோல் இரண்டையும் அக்குளில் கொடுத்துக்கொண்டு நீ வாசல் வரைக்கும் போய்வர, நிரோஷா பின்னாலேயே வருவாள். அந்தக் காலின் பெருவிரல் தரையில் பட்டால்கூட, "அண்ணா, கல்லு காயல" என்பாள். காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்து, பிசியோதெரபி மிஸ் சொல்லிக்கொடுத்தபடி நாளைக்கு எத்தனை தடவை மடக்கி நீட்ட வேண்டுமோ அத்தனையையும் எண்ணிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். கல்யாணப் பெண் தன் முகத்துக்குக்கூட மஞ்சள் பூச நேரமில்லாமல் அண்ணன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உன் கால் அவள் வளர்த்த கால். அதை நீ எடுத்துக்கொண்டுபோய் மண்டப வாசலில் போட்டு உடைத்தாய்.

கல்யாணத்தன்று காலையில் நடந்ததை நீ யாரிடமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். போட்டோ எடுக்கிறவர் வந்து குடும்பப் படத்துக்கு எல்லாரையும் நிற்க வைத்தார். அந்த இரண்டு ஊன்றுகோலும் என் கண்ணில் குத்தின. பட்டு வேட்டிக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரிச் சாமான். நான் உன் காதுக்குள், "படத்துக்கு மட்டும் வேணாம் மகன், விஜி தோளப் புடிச்சிக்க" என்றேன். நீ இரண்டையும் என்னிடம் நீட்டினாய். படம் எடுத்து முடிந்ததும் திருப்பித் தந்திருக்க வேண்டியவள், பெண்ணுக்கு உடுத்துகிற அறையில் அலுமாரிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். மறந்துபோய் அல்ல. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும் நேரம், அவர்கள் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்றுதான் வைத்தேன்.

மேளம் வாசலுக்கு வந்துவிட்டது. விஜி செம்பில் தண்ணீரோடு தயாராக நின்றான், நீ தூணைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாய். மாப்பிள்ளையின் அத்தை, அந்தப் பச்சைச் சேலைக்காரி, ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டாள்.

"கூடப் பொறந்தவரு நிக்கிறாரு, ஏன் பெரியப்பா மகன் கழுவணும்? எங்க புள்ளைக்கு மரியாத இல்லையா?"

"அவருக்குக் கால்ல ஒப்பரேஷன் செஞ்சிருக்குங்க" என்றான் விஜி.

"நல்லா நிக்கிறாரே" என்றாள் அவள்.

உண்மைதான், நல்லாத்தான் நின்றாய். ஊன்றுகோலை நான் ஒளித்து வைத்திருந்தேனே. அந்த நேரத்தில் நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் சாகும் வரைக்கும் மறக்கமாட்டேன். "வேணாம்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். தலையை ஆட்டியிருந்தால்கூடப் போதும். நான் தரையைப் பார்த்தேன். நீ விஜி கையிலிருந்து செம்பை வாங்கினாய், மாப்பிள்ளைக்கு முன்னால் இரண்டு காலையும் மடக்கிக் குந்தினாய். "வேணாம் மச்சான், எழும்புங்க" என்று அந்தப் பிள்ளை குனிந்து உன் தோளைப் பிடித்தார். நீ சிரித்துக்கொண்டே இரண்டு பாதத்தையும் கழுவி, துடைத்து, சந்தனமும் வைத்தாய். அவர் உன் விரலில் மோதிரம் போட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். நீ எழும்பும்போது ஈரத் தரையில் அந்தக் கால் ஒரு திருகு திருகியதை நான் பார்த்தேன். உன் உதட்டில் சிரிப்பு அப்படியே இருக்க, நெற்றியில் வியர்வை முத்து முத்தாக அரும்பியது. அன்றைக்கு மாலைக்குள் முழங்கால் பலாக்கொட்டை போட்ட பை மாதிரி வீங்கிவிட்டது.

அல்பம் வந்திருக்கிறது. நீ குந்தியிருக்கிற அந்தப் படத்தை முழுப் பக்கத்துக்குப் பெரிதாக்கிப் போட்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் பாராட்டுகிறார்கள். "என்னா அழகு அண்ணன் தங்கச்சி பாசம்" என்கிறார்கள். உனக்குப் பின்னால் நான் நிற்கிறேன். நான் சிரிக்கிறேன் மகன். நீ எங்கேயிருந்து அந்தச் சிரிப்பைப் படித்தாய் என்று இத்தனை நாளும் யோசித்தேனே, விடை அந்தப் படத்தில் இருக்கிறது.

ஆனாலும் என் குற்றத்தை நான் ஒப்புக்கொண்டதால் நீ தப்பிவிட்டாய் என்று எண்ணாதே. அம்மா தரையைப் பார்த்தால் மகன் காலைக் கொடுத்துவிட வேண்டுமா? உனக்கு வாய் இல்லையா? "ஏலாது" என்று சொல்லத் தெரியாத ஆண்பிள்ளையை நான் பெற்றேனா? தங்கச்சிக்காகச் செய்தேன் என்று மனதுக்குள் ஒரு கிரீடம் வைத்திருக்கிறாய், எனக்குத் தெரியும். அவள் கேட்டாளா? தன் கல்யாணத்தையே தள்ளி வைக்கிறேன் என்றவள் உன் காலைக் கேட்பாளா? நீ செய்தது அவளுக்காக அல்ல. பச்சைச் சேலைக்காரிக்காக. அவள் கல்யாணச் சோறு சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, மறுநாளே உன் பெயரையும் மறந்திருப்பாள்.

அதன் பிறகு நடந்ததற்குத்தான் எனக்கு அதிகக் கோபம். வீக்கம் வற்றாமல் டாக்டரிடம் போனோம். திரும்ப ஸ்கேன் எடுத்தார். ஒட்டிக்கொண்டு வந்தது பெரும் பகுதி பெயர்ந்துவிட்டது என்றார். படத்தைப் பார்க்கிறார், உன்னைப் பார்க்கிறார். "காலை ஊன்றினீங்களா? குந்தினீங்களா?" என்று கேட்டார். "இல்ல சேர், பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்றாய் சிங்களத்தில், அழகாக, தடுமாறாமல். அது எனக்கு நன்றாகப் புரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் உன் வைத்தியம் எழுதுகிற கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வாயை மூடியிருந்தேன். என்னைக் காப்பாற்றத்தான் நீ பொய் சொன்னாய். நானும் உன் பொய்க்குள் பத்திரமாக உட்கார்ந்துகொண்டேன். அடுத்த வழி என்ன என்று முடிவு செய்ய இரண்டு கிழமையில் வரச் சொன்னார். நீ போகவில்லை. உளியையும் மட்டப்பலகையையும் பையில் போட்டுக்கொண்டு கலகெதரைக்குப் போய்விட்டாய்.

நம் அடுப்படிக் குசினிக்கு நீ டைல் போட்ட நாளை நினைத்துப் பார். ஒரு நாளைக்கு யாரும் உள்ளே காலெடுத்து வைக்கக்கூடாது என்று வாசலில் பலகையைக் குறுக்கே வைத்துவிட்டுப் போனாய். நான் விளக்குத் திரி எடுக்கப் பலகையைத் தாண்டி உள்ளே போனேன். ஒரு கல் என் காலடியில் அசைந்தது. நான் என்ன செய்தேன்? பாயை இழுத்து அதற்கு மேலே போட்டுவிட்டு வந்து பேசாமல் இருந்தேன். மறுநாள் பாயைத் தூக்கிய நீ போட்ட கூச்சல் பக்கத்து லயத்து வீடுகளுக்கே கேட்டது. "மிதிச்சது பரவால்லம்மா. மூடி வச்சிட்டியே. சொல்லியிருந்தா ஈரத்துலயே எடுத்துச் சரி பண்ணியிருப்பேன். இப்ப ஒடச்சித்தான் எடுக்கணும்." உடைத்து எடுத்தாய், அடியைச் சுரண்டினாய், புதுக் கல் வைத்தாய். இன்றைக்கு எந்தக் கல் என்று எனக்கே தெரியவில்லை. வெறும் தரைக்கு அவ்வளவு நியாயம் பேசினாயே, உன் எலும்புக்கு என்ன பேசுகிறாய்?

நேற்று நான் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். உன் கிளினிக் கொப்பி என்னிடம்தான் இருக்கிறது. நோயாளி எங்கே என்று நர்ஸ் விரட்டினார். நான் போகவில்லை, கடைசி ஆள் போகும் வரைக்கும் வாங்குப் பலகையிலேயே உட்கார்ந்திருந்தேன். டாக்டரிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பாத்ரூம் இல்லை, கல்யாண வாசல். வழுக்கவில்லை, குந்தினான். ஊன்றுகோலை ஒளித்தது நான். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். முதலில் திட்டினார். வாங்கிக்கொண்டேன், எனக்கு வர வேண்டியதுதானே. பிறகு, "இத முதல்லயே சொல்லியிருக்கணும் அம்மா. செஞ்ச வேல தானா தோத்துப்போச்சா, மிதிச்சுக் கெட்டுச்சான்னு தெரிஞ்சாத்தானே அடுத்தத நான் தீர்மானிக்க ஏலும்" என்றார். இப்போது வேறொரு வழி இருக்கிறதாம். அதே முழங்காலில் பாரம் படாத ஓரத்திலிருந்து, அடி எலும்போடு சேர்த்துச் சின்னச் சின்னக் குச்சிகளாக நல்ல சவ்வை எடுத்து, பள்ளத்தில் பதிப்பார்களாம். கல் மாற்றி வைக்கிற வேலைதான், உனக்கு இன்னும் நன்றாக விளங்கும். இந்தத் தடவையும் கிழமைக்கணக்கில் பாரம் விழக்கூடாது. எல்லாருக்கும் சரிவரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றும் சொன்னார். ஆனால் இப்படியே முட்டுப்போட்டு வேலை செய்தால் பள்ளம் அகன்றுகொண்டே போகும், நாற்பது வயதுக்கு முன்னாலேயே படியேற ஏலாமல் போய்விடும் என்றார். செவ்வாய்க்கிழமை காலையில் உன்னை நேரில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். முட்டு வேலையை விட்டு வேறு வேலை பார்ப்பதைப் பற்றியும் பேசுவாராம். அதையும் சிரிக்காமல் கேள்.

நிரோஷாவிடமும் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டில் இருந்து பஸ் ஏறி நேராக வந்தாள். அல்பத்தை எடுத்தாள், நீ குந்தியிருக்கிற அந்தப் பக்கத்தைத் திருப்பினாள். "என் காலடியில நடந்திருக்கு, எனக்குத் தெரியாமப் போச்சேம்மா" என்றாள். என்னோடு அவள் இன்னும் சரியாகப் பேசவில்லை. பேசாமல் இருக்க அவளுக்கு உரிமை இருக்கிறது. நீ என்னைக் காப்பாற்ற நினைத்ததில் மிஞ்சியது இவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் நான் கலகெதரைக்கு வருகிறேன். நீ வேலை செய்கிற வீடு எது என்று விஜியிடம் கேட்டுக்கொண்டேன். அலுமாரிக்குப் பின்னால் நான் வைத்த ஊன்றுகோல் இரண்டையும் மண்டபத்துக்காரர்கள் பத்திரமாக வைத்திருந்தார்கள், போய் வாங்கி வந்துவிட்டேன். பையில் போட்டு மறைக்கமாட்டேன். கையில் பிடித்துக்கொண்டு டவுனுக்குள் நடந்து, கலகெதர வழியாகப் போகிற குருநாகல் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து, எல்லாரும் பார்க்கவே கொண்டுவருவேன். யாராவது யாருக்கு என்று கேட்டால் என் மகனுக்கு என்று சொல்வேன். நீ வாசலுக்கு வா. சிரிக்காதே. வலித்தால் வலிக்கிறது என்று சொல், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொல். இந்தத் தடவை நான் தரையைப் பார்க்கமாட்டேன்.

அம்மா